தலைவர் அஷ்ரபின் ஹெலிகொப்டர் விழுந்த விடயம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் மாதம் பிறந்தால் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் அஷ்ரபின் படம் போட்ட பதிவுகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். அதோடு சேர்ந்து "கொன்றவன் யார்" என்ற கதைகளும் வரும். உயர்தர வகுப்புக்கு அரசியல் பாடம் படிப்பிக்கிற என்னிடம் பிள்ளைகள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்களுடைய வாப்பாமார், மாமாமார் கேட்பதும் அவைதான். அவரவர் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த அளவில் பதில் தந்திருக்கிறேன்.

அஷ்ரப் சேர் எப்படி மௌத்தானார்? முதல்ல நடந்ததச் சொல்லுங்க.

2000 செப்டம்பர் 16, சனிக்கிழமை காலை. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவரும் அமைச்சருமான எம்.எச்.எம். அஷ்ரப் கொழும்பிலிருந்து அம்பாறைக்கு விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகொப்டரில் புறப்பட்டார். கேகாலை மாவட்டம் அரநாயக்கப் பகுதியில், ஊரகந்த மலையில் அது விழுந்து நொறுங்கியது. ஒருவரும் தப்பவில்லை. பொதுத்தேர்தலுக்கு இன்னும் 24 நாட்களே இருந்தன. தேர்தல் ஒக்டோபர் 10.

அவருக்கு அப்போது வயது 51. கப்பல், துறைமுகம், புனர்வாழ்வு அமைச்சராக இருந்தவர். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர். இந்தக் கரையோரத்தில் அவரால் படித்தவர்களும் அவரால் துறைமுகத்தில் தொழில் கிடைத்தவர்களும் இல்லாத தெரு குறைவு. இந்த மரணத்தைப் பற்றி எங்கள் ஊர்களில் ஒருவரும் ஆறுதலாகப் பேச முடியாததற்குக் காரணம் அதுதான்.

அதுக்குள்ள அவர் மட்டுமா இருந்தார்?

இல்லை. அவரோடு இன்னும் 14 பேர் மரணித்தார்கள். ஓட்டிச் சென்ற விமானப்படையினர், பாதுகாப்புக்குப் போனவர்கள், கட்சிக்காரர்கள், கூடப் பயணித்தவர்கள். முஸ்லிம்களும் சிங்களவர்களும் தமிழர்களும் ஒரே இடத்தில் உயிரிழந்தார்கள்.

வருடாவருடம் வருகிற நினைவுப் பதிவுகளில் இந்த 14 பேரையும் காண்பதில்லை. கீழே உள்ள சில பதில்களை வாசிக்கும்போது இவர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளும் போன் பார்க்கிறார்கள்.

அம்பாறைக்கு வாற ஹெலி அரநாயக்கவுக்கு என்னத்துக்குப் போன? ஆரும் பாதைய மாத்தினதா?

படத்தை விரித்து கொழும்பையும் அம்பாறையையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அரநாயக்க அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே, பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. கோட்டுக்குத் தெற்கே போனால் நுவரெலியாப் பக்கத்து உயர்ந்த மலைகள். மலைநாட்டைக் கடந்து கிழக்கே வருகிற எவரும் வடக்கே சற்று ஒதுங்கிப் போவது இயல்பு.

கொழும்பு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த இடம் பழக்கம்தான். மஹியங்கனை, கண்டி கடந்து கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கும்போது இடது பக்கம் தட்டையான உச்சியோடு பெரிய பாறை ஒன்று தெரியும். பைபிள் ரொக் என்பார்கள். அரநாயக்க அந்தப் பக்கம்தான். நாமே தரைவழியாக அதற்குப் பக்கத்தால்தான் போய் வருகிறோம்.

அண்டைக்கு எங்கட பக்கம் நல்ல வெயிலாம். மறுகா எப்படி காலநிலை மோசம் எண்டு சொல்ற?

இந்தக் கேள்வி எங்கள் ஊர்க்காரருக்கு வருவது நியாயம். செப்டம்பரில் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்கள் காய்ந்து கிடக்கும். எங்களுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவம். அது வருவதற்கு இன்னும் வாரக்கணக்கில் இருக்கும். ஆனால் கேகாலைக்கு மழை தருவது தென்மேல் பருவம், அது செப்டம்பர் வரைக்கும் நீளும். கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறும்போது முகில் கட்டுகிறது. ஒரே காலைப்பொழுதில் கல்முனையில் கண்கூசும் வெயிலும் அரநாயக்கவில் மலையுச்சி தெரியாத மூட்டமும் இருக்கலாம்.

அந்த மலைகள் எவ்வளவு மழை வாங்குகின்றன என்பதற்கு 2016 மே மாதம் ஒரு சாட்சி. அதே அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது.

மூட்டம் எண்டா என்ன? அவ்வளவு பெரிய மெஷின் சும்மா விழுமா?

எம்ஐ-17 பெரியதுதான், இருபதுக்கு மேற்பட்ட படையினரை ஏற்றக்கூடியது. ஆனால் மலையில் மோதுவதற்கு இயந்திரம் பழுதாக வேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிற ஹெலிகொப்டரை, முன்னால் மலை இருப்பது தெரியாமல் ஓட்டி அதில் மோதுவது உலகம் முழுவதும் அறியப்பட்ட விபத்து வகை. முகிலுக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. உட்செவி தருகிற சமநிலை உணர்வும் அந்த நேரம் பொய் சொல்லும். நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே சரிந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். அனுபவமுள்ள விமானிகளுக்கும் இது நடக்கிறது.

2021 டிசம்பர் 8ஆம் திகதி தமிழ்நாட்டில் குன்னூருக்குப் பக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவின் முப்படைத் தளபதி பிபின் ராவத் போனதும் இதே எம்ஐ-17 குடும்பத்து ஹெலிகொப்டர்தான், அதுவும் புதிய வகை. மலை ரயில் பாதையில் நின்றவர்கள் போனில் எடுத்த வீடியோவில் ஹெலிகொப்டர் தாழ்வாக வந்து வெள்ளை மூட்டத்துக்குள் மறைகிறது. அடுத்து ஒரு சத்தம். அது விழுந்துவிட்டதா என்று ஒருவர் கேட்பதும் பதிவாகியிருக்கிறது. அதில் போன 14 பேரும் உயிரிழந்தார்கள். முப்படை விசாரணை இயந்திரக் கோளாறையும் சதியையும் விலக்கிவிட்டு, பள்ளத்தாக்கில் காலநிலை திடீரென மாறியதால் முகிலுக்குள் போய்த் திசையுணர்வு இழந்து மோதியது என்றது. 2009 செப்டம்பர் 2இல் ஆந்திர முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி நல்லமலைக் காட்டிலும், 2024 மே மாதம் ஈரான் ஜனாதிபதி ரயீசி மலைப்பகுதியிலும் மரணித்தபோது விசாரணைகள் சொன்னதிலும் மோசமான காலநிலைதான் முன்னுக்கு நிற்கிறது.

அப்ப இது விபத்து எண்டு முடிவாச் சொல்றீங்களா?

இல்லை. "இப்படி நடக்கலாம்" என்பது வேறு, "இப்படித்தான் நடந்தது" என்பது வேறு. குன்னூரில் நடந்தது குன்னூருக்கு மட்டும்தான் சாட்சி. ஊரகந்தவுக்கு ஊரகந்தவின் சாட்சிதான் வேண்டும்.

ஆனால் இதே அளவுகோலைக் கொலை என்று சொல்கிறவர்களிடமும் வைப்பேன். "செய்திருக்கலாம்" என்பதிலிருந்து "செய்தார்கள்" என்பதற்குப் பாய முடியாது. இந்தப் பக்கத்தில் இனி வருகிற எல்லாப் பதிலும் இந்த ஒரு விடயத்தில்தான் நிற்கின்றன.

வெடிச்சத்தம் கேட்டதெண்டு சொல்றாங்க. குண்டு வெடிக்காம சத்தம் எப்படி வாற?

எரிபொருள் நிறைந்த ஹெலிகொப்டர் மலையில் மோதினால் பெரிய சத்தம் வரும், தீயும் வரும். ஆகவே சத்தம் கேட்டதா என்பதை விட, சத்தம் முதலில் வந்ததா மோதல் முதலில் வந்ததா என்பதுதான் கேள்வி. அதைக் காதால் தீர்மானிப்பது கஷ்டம். ஒலி ஒரு கிலோமீற்றர் கடக்க ஏறக்குறைய மூன்று செக்கன் எடுக்கும், மலைகளுக்கிடையில் எதிரொலிக்கவும் செய்யும். மூட்டத்துக்குள் ஒன்றும் தெரியாமல் சத்தத்தை மட்டும் கேட்டவர், அது எந்தக் கட்டத்தில் வந்தது என்று எப்படிச் சொல்வார்?

1996இல் நியூயோர்க் கரையோரம் வெடித்த டிடபிள்யூஏ 800 விமானத்தை நிறையப் பேர் பார்த்தார்கள். வெளிச்சம் ஒன்று மேலே ஏறிப்போனது என்று பலர் நேர்மையாகச் சாட்சி சொன்னார்கள், ஏவுகணைக் கதை அதிலிருந்துதான் கிளம்பியது. கடலடியிலிருந்து துண்டுதுண்டாக எடுத்துப் பொருத்திப் பார்த்து, நான்கு வருடத்துக்குப் பிறகு எரிபொருள் தாங்கி வெடித்தது என்று விசாரணை முடித்தது. சாட்சிகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது வேறொரு கட்டத்தை.

குண்டு வெடித்தால் அது தடயம் விடும். வெடிமருந்தின் எச்சம் உலோகத்தில் படியும். தகடு வெளிப்பக்கமாகக் கிழியும், சின்னச் சின்னக் குழிகள் விழும். வானத்திலேயே பிய்ந்திருந்தால் துண்டுகள் வெகுதூரம் சிதறிக் கிடக்கும். பிரேதப் பரிசோதனையிலும் தெரியவரும். வெடிச்சத்தம் பற்றிப் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இந்தத் தடயங்களைத்தான்.

புலிகள் ஏவுகணையால அடிச்சதாமே?

2000ஆம் ஆண்டில் இந்தச் சந்தேகம் வந்ததற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். 1995 ஏப்ரலில் பலாலிக்குப் பக்கத்தில் இரண்டு அவ்ரோ விமானங்களைப் புலிகள் சுட்டு விழுத்தினார்கள். 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலில் விழுந்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் புலிகள் செய்த படுகொலைகள் எங்கள் சமூகத்துக்கு மறக்கக்கூடிய விடயங்களா? பயத்துக்குக் காரணம் இருந்தது.

ஆனால் அந்த விமானங்கள் விழுந்தது வடக்கில். கேகாலை மலைக்குள் ஆட்கள் ஏவுகணையோடு முன்கூட்டியே போய், ஹெலிகொப்டர் வருகிற நேரமும் பாதையும் தெரிந்து, மூட்டத்துக்குள் அதைக் குறிவைத்திருக்க வேண்டும். முடியவே முடியாது என்று சொல்லவில்லை. அதற்கான சாட்சியாக ஏவுகணையின் ஒரு துண்டும் பொதுவெளிக்கு வந்ததில்லை. "அவங்க பொறுப்பெடுக்கல்ல, அதனால அவங்கதான்" என்பதும், "பொறுப்பெடுக்கல்ல, அதனால அவங்க இல்ல" என்பதும் இரண்டுமே பிழை. பல தாக்குதல்களுக்கு அவர்கள் வாய் திறக்கவேயில்லை.

தேர்தலுக்கு முன்னால, அரசாங்கத்தோட பிரச்சினையும் இருந்த நேரம். இது தற்செயலா?

அரசாங்கத்துக்குள் அவருக்குக் கருத்து முரண்பாடுகள் இருந்தது உண்மை, அந்நேரப் பத்திரிகைகளில் அது ஒளிவுமறைவில்லாமல் வந்தது. தேசிய ஐக்கிய முன்னணி என்ற புதிய அமைப்போடு அவர் வேறு திசை பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி எழுவது இயல்பு.

தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகள் வழமையை விடப் பல மடங்கு பறக்கிறார்கள், அவசரத்தில் பறக்கிறார்கள், கூட்டம் காத்திருக்கிறது என்பதற்காகக் காலநிலை சரியில்லாத நேரத்திலும் பறக்கிறார்கள். அமெரிக்காவில் செனற்றர் போல் வெல்ஸ்டன் 2002 ஒக்டோபரில் தேர்தலுக்கு 11 நாள் இருக்கையில் சிறிய விமானத்தில் விழுந்து மரணித்தார். அங்கும் அரசாங்கம் கொன்றது என்ற கதை இன்றுவரை ஓடுகிறது. தரையிறங்க வரும்போது வேகத்தைக் கவனிக்காமல் விட்டதுதான் காரணம் என்பது விசாரணையின் முடிவு. 2014 ஓகஸ்டில் பிரேசிலின் ஜனாதிபதி வேட்பாளர் எட்வார்டோ கம்போஸும் பிரசாரப் பயணத்தில்தான் விமானம் விழுந்து மரணித்தார். தேர்தலும் விபத்தும் பக்கத்தில் பக்கத்தில் வருவதற்கு சதி தேவையில்லை.

"ஆருக்கு லாபம்?" என்று கேட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைவர் மறைந்தால் எதிரிக்கு லாபம், கூட்டாளிக்கு லாபம், கட்சிக்குள் அடுத்த இடத்தில் இருந்தவருக்கும் லாபம். அந்தக் கேள்வியை வைத்து யாரையும் குற்றவாளியாக்கலாம். கட்சி உடைந்த பிறகு ஒவ்வொரு அணியும் மற்ற அணியை நோக்கிக் கைநீட்டியது இப்படித்தான்.

கூடப் போனவங்களில ஒருத்தர்தான் குண்டு கொண்டு போனாராமே? பேரும் சொல்றாங்க.

பேரைச் சொல்லாதீர்கள். என்னிடம் வந்து சொன்ன ஒவ்வொருவரிடமும் இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கான பதிலைத் திரும்ப வாசியுங்கள். அந்த ஹெலிகொப்டரில் ஏறியவரும் மரணித்தவர். எழுந்து வந்து "நான் செய்யவில்லை" என்று சொல்ல முடியாத ஆள்.

தமிழர் என்பதால் ஒருவர்மேல் சந்தேகம் வருகிறது என்றால் அதைச் சந்தேகம் என்று நான் ஏற்கமாட்டேன். கல்முனையில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்கிறோம். ஆதாரமில்லாமல் ஒரு மையித்தின்மேல் கொலைப்பழி போடுவது அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது மரணம்.

விமானப்படை ஹெலிய விமானப்படையே விசாரிச்சா உண்மை வருமா?

நல்ல கேள்வி. பயணிகள் விமானம் விழுந்தால் சர்வதேச விதிமுறைப்படி விசாரணை நடக்கும், விமானத்தைச் செய்த நாடும் கலந்துகொள்ளும். ஆனால் அந்த விதிமுறைக்கு அடிப்படையான 1944ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கை இராணுவ, பொலிஸ் விமானங்களுக்குப் பொருந்தாது. அவற்றை அந்தந்த நாடு தன் விருப்பப்படி விசாரிக்கும். பராமரிப்புச் செய்ததும், விமானியை அனுப்பியதும், விசாரிப்பதும் ஒரே நிறுவனம் என்றால் மக்கள் நம்பமாட்டார்கள், நம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை.

அதனால்தான் வெளியிலிருந்து ஒரு விசாரணை கேட்கப்பட்டது. உச்ச நீதிமன்ற நீதியரசராக இருந்த எல்.கே.ஜி. வீரசேகரவைக் கொண்டு தனிநபர் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது.

அந்த அறிக்கை எங்க?

என் மனக்குறை முழுவதும் இங்கேதான். ஒரு அமைச்சரோடு சேர்த்து 15 பேர் மரணித்த சம்பவத்தின் அறிக்கை, கையளித்த கையோடு மூன்று மொழியிலும் அச்சாகி கல்முனை நூலகத்துக்கும் அரநாயக்க நூலகத்துக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வருடக்கணக்கில் கடந்த பிறகு, கட்சியின் முன்னாள் தவிசாளர் பஷீர் சேகுதாவூத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்டு, விடயம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரைக்கும் போனது. தலைவரின் பேரைச் சொல்லி வாக்குக் கேட்டு அமைச்சரானவர்கள் எத்தனை பேர்? எல்லா அரசாங்கத்திலும் இருந்தார்கள். பாராளுமன்றத்தில் அந்த அறிக்கையை முழுமையாக மேசையில் வைக்கச் செய்திருக்கலாமே.

அறிக்கைய வெளியில விடாம வெச்சதே சாட்சி இல்லையா?

மறைத்தார்கள் என்பதற்குச் சாட்சி, கொன்றார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. பராமரிப்பில் குறை இருந்தது தெரியவரும் என்று மறைக்கலாம். பறக்கக்கூடாத காலநிலையில் பறக்கவிட்டது தெரியவரும் என்று மறைக்கலாம். கோப்பு எங்கேயென்று யாருக்கும் தெரியாமல் போகவும் இந்த நாட்டில் இடமுண்டு.

ஐ.நா. செயலாளர் நாயகம் டாக் ஹமர்ஷெல்ட் 1961 செப்டம்பரில் ஆபிரிக்காவில் என்டோலாவுக்குப் பக்கத்தில் விமானம் விழுந்து மரணித்தார். அரை நூற்றாண்டு கழித்தும் ஐ.நா. சில நாடுகளிடம் "உங்கள் உளவுத்துறைக் கோப்புகளைத் தாருங்கள்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே வெளித்தாக்குதல் நடந்திருக்கலாம் என்பதற்குச் சில அறிகுறிகள் உண்டு. ஆகவே எல்லாச் சந்தேகமும் கட்டுக்கதை என்று தள்ளுகிற ஆளும் நான் இல்லை. அந்த விசாரணையை உயிரோடு வைத்திருப்பது ஆவணங்களைத் தேடிப் போனவர்கள்தான்.

சரி, அறிக்கை முழுசாக் கிடைச்சாலும் நம்பலாமா?

முடிவுரையை மட்டும் வாசித்து நம்பவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். உள்ளே பாருங்கள். சிதறல்கள் கிடந்த இடங்களின் வரைபடம் இருக்கிறதா? அன்றைய காலநிலைப் பதிவு? விமானி கடைசியாகப் பேசிய வானொலித் தொடர்பு? பராமரிப்புப் பதிவேடு? பிரேதப் பரிசோதனை? வெடிமருந்துப் பரிசோதனை செய்த ஆய்வகம் எது? ஒரு பக்கம் குறைந்தாலும் அது எந்தப் பக்கம் என்று குறித்துவைத்துக் கேளுங்கள்.

ஆணைக்குழு சொன்னவுடன் எல்லாரும் வாயை மூடுவார்கள் என்றும் எதிர்பார்க்கவேண்டாம். சுபாஷ் சந்திர போஸ் 1945இல் தைபேயில் விமான விபத்தில் இறந்தார் என்று இரண்டு விசாரணைகள் சொல்லின, மூன்றாவதாக வந்த முகர்ஜி ஆணைக்குழு இல்லை என்றது, இந்திய அரசு அதை ஏற்கவில்லை.

யூடியூப்பில "அதிர்ச்சித் தகவல்" எண்டு வாறதெல்லாம்?

சொல்கிறவர் அங்கே இருந்தாரா, ஆவணத்தைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். ராஜசேகர ரெட்டியின் மரணத்தில் ஒரு பெரிய வணிகக் குடும்பத்துக்குத் தொடர்பு என்று எங்கோ ஒரு வெளிநாட்டு இணையத்தளத்தில் வந்ததை 2010 ஜனவரியில் தெலுங்குத் தொலைக்காட்சிகள் எடுத்துப் போட்டன. அன்றிரவே ஆந்திராவில் அந்தக் குழுமத்தின் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். எங்கள் பகுதியில் அப்படி ஒரு இரவு வந்தால் உடைவது யாருடைய கடை என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாப்பா கொலை எண்டுதான் சொல்றார். நான் எதிர்த்துக் கதைக்கவா?

வேண்டாம். முதலில் கேளுங்கள். 1980களில் முஸ்லிம்களுக்கென்று ஒரு குரல் இல்லாத காலத்தை அவர் வாழ்ந்து கடந்தவர். அந்தக் குரல் ஒரு காலையில் இல்லாமல் போனது. சும்மா மூட்டத்தில் மோதி இவ்வளவு பெரிய மனிதர் போவாரா என்று அவர் கேட்பது கவலையில் வருகிற கேள்வி. "வாப்பா, அண்டைக்கு நீங்க எங்க இருந்த? ஆர் வந்து சொன்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் கண்டது எது, பிறகு கேள்விப்பட்டது எது என்று அவரே பிரித்துச் சொல்வார். அதை எழுதியும் வையுங்கள்.

நீங்க என்ன நம்புறீங்க? ஒளிக்காமச் சொல்லுங்க.

மலை, பருவக்காற்று, அவசரப் பயணம் ஆகியவற்றைப் பார்த்தால் விபத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அது என் கணிப்பு, தீர்ப்பு இல்லை. பொதுவெளியில் உள்ள எந்தச் சதிக்கதைக்கும் தடயம் காட்டப்பட்டதை நான் காணவில்லை. நாளைக்கு ஒரு ஆய்வக அறிக்கை வேறு மாதிரிச் சொன்னால் கணிப்பை மாற்றிக்கொள்வேன்.

நாங்க மாணவர்கள். எங்களால அறிக்கையக் கேட்க ஏலுமா?

ஏலும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்த இலங்கைப் பிரசையும் கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் ஜனாதிபதி செயலகத்தின் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும். பழைய ஆணைக்குழுக்களின் ஆவணங்கள் வைக்கப்படும் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

"அஷ்ரபின் மரணம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று எழுதாதீர்கள், அது திரும்பி வரும். வீரசேகர ஆணைக்குழுவின் அறிக்கை, அதன் பின்னிணைப்புகள், சாட்சிப் பதிவுகள், இவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் அது என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.